அருள்பிரகாசம் செத்த காட்சி

ஒரு படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரிய ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் பத்திரிகை பார்க்க மாட்டார்கள், யூடியூபும் பார்க்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வசீம் பாய் டீக்கடைக்குப் போய் நிற்பார்கள். முதல் காட்சி பார்த்துவிட்டு அருள்பிரகாசம் அங்கேதான் வருவார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன். ஐம்பத்தேழு வயது, கொஞ்சம் தொப்பை, தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்காக யார் காலிலாவது விழுந்து ஷிப்டை மாற்றிக்கொள்வார். டீக்கடைக்கு வந்ததும் வாயைத் திறக்க மாட்டார். யாரும் கேட்கவும் கூடாது. கேட்டால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு வாய் டீ உள்ளே போன பிறகு ஒரே ஒரு வார்த்தை வரும். ஒன்று "தேறும்", இல்லாவிட்டால் "தேறாது". அதற்கப்புறம்தான் கச்சேரி.

"படம் ஆரம்பிச்சு மூணு நிமிஷம் ஆவல, ஈரோ கையில கத்தி. நம்ம தெருவுல வெங்காயம் அரியறதுக்கே கத்தி தேட வேண்டியதா கீது. இவனுங்களுக்கு மட்டும் எங்கேர்ந்துடா கெடைக்குது?"

நாவல்களுக்கும் இதே மரியாதைதான். நூலகத்திலிருந்து தடித்தடியாக எடுத்து வந்து, நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு படிப்பார். துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று ஊரே கொண்டாடிய ஒரு நாவலை அவர் ஆசை ஆசையாக எடுத்து வந்தார். நான்காம் நாள் அதைக் கொண்டுபோய் டீக்கடை மேஜையில் போட்டார். "முன்னூறு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் கருவாட்டு நாத்தம். கடைசி வரைக்கும் ஒருத்தன் கூட குளிக்கல. இத்த எழுதனவரு நம்மள வந்து பாத்தாரா, இல்ல மோந்து மட்டும் பாத்துட்டுப் போனாரா?" அந்த நாவலை அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் தொடவில்லை.

திட்டுவது அவருக்குச் சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். படம் நன்றாக இல்லை என்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "ஆசையாப் போனேன் ஞானம், ஏமாத்திட்டானுங்க" என்று மனைவியிடம் பிள்ளை மாதிரி சொல்லுவார். ஞானமும் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அடுத்த வெள்ளிக்கிழமை ஒண்ணு வராமலா போவுது" என்பாள். முப்பது வருஷமாக இதுதான் அவர்கள் வீட்டுப் பேச்சு.

அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. எந்தப் படத்தையும் இரண்டாம் தடவை பார்க்க மாட்டார். சொன்ன தீர்ப்பை மாற்ற மாட்டார்.

இந்த மனிதரைத்தான் அஜின் தன் படத்தில் நடிக்கக் கேட்டான்.

அஜின் பக்கத்துத் தெருப் பையன். அவன் அப்பா வெள்ளத்துரை நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சாத்தாங்காட்டில் இரும்புக் கடை போட்டவர். பள்ளிக்கூடம் படிக்கும்போதே அஜின் வெள்ளிக்கிழமை டீக்கடையில் வந்து நின்று அருள்பிரகாசம் பேசுவதை வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். வளர்ந்து உதவி இயக்குநராக ஆறேழு வருஷம் அலைந்தான். வெள்ளத்துரை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "ஒரு படம் எடுத்துக்கோலே. தேறிச்சுன்னா நான் வாயத் திறக்க மாட்டேன். தேறலன்னா கடையில வந்து இரி" என்று முடித்துவிட்டார். அவர் வாயில் கூட அருள்பிரகாசத்தின் வார்த்தைதான் வந்தது, பாருங்கள்.

"மாமா, கிரேன் ஆபரேட்டர் வேஷம். மகன் வெளியூர்லேர்ந்து வருவான்னு காத்துக்கினு இருக்கற அப்பா. உங்கள மாதிரி ஒருத்தரை ஊரெல்லாம் தேடினேன், கெடைக்கல. அதான் உங்களையே கேக்கறேன்" என்றான் அஜின்.

அருள்பிரகாசத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெளியே முறைத்தார். "நான் நடிச்சிட்டேன்றதுக்காவ வெள்ளிக்கிழமை நல்லா கீதுன்னு சொல்ல மாட்டேன்."

"நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே சொல்லுங்க மாமா. உங்க வாயால கேக்கணும்னுதான் இத்தனை வருஷமா படம் எடுக்க ஆசைப்பட்டேன்."

அந்த அப்பாவுக்குப் படத்தில் வசனம் குறைவு. முக்கியமான காட்சி ஒன்றே ஒன்று. மத்தியான வெயிலில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகன் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டே செத்துப் போக வேண்டும். எர்ணாவூரில் ஒரு வீட்டு வாசலில் எடுத்தார்கள். அருள்பிரகாசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் செத்துக் காட்டினார். நாற்பது வருஷமாகப் பார்த்த சாவெல்லாம் அதில் இருந்தது.

அஜின் அவர் பக்கத்தில் வந்து குந்தினான். "மாமா, சாவே வேணாம். புள்ள வருவான்னு பாத்துக்கினே இருங்க. அப்படியே கண்ணு அசந்துடட்டும். உங்க வூட்டு வாசல்ல மத்தியானம் தூங்குவீங்களே, அந்த மாதிரி. துண்டை மட்டும் லேசா வச்சிக்கோங்க, அது தானா வழுவட்டும்."

"இதுல நடிப்பு எங்கடா கீது?" என்று அருள்பிரகாசம் கேட்டார். ஆனாலும் சொன்னபடி செய்தார். துண்டு தோளிலிருந்து மெல்ல வழுக்கி மடியில் விழுந்து, மடியிலிருந்து தரையில் விழுந்தது. அஜின் உடனே 'கட்' சொல்லவில்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தபோது பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் ஞானம் கொந்தளித்துவிட்டாள். நடிக்கப் போனது தெரியும், சாகப் போனது தெரியாது.

"வேற வேஷமே கெடைக்கலியா உனக்கு? கமுந்தடிச்சி வுழற வேஷம், அடி வாங்கற வேஷம், எத்த வேணா குடுத்துருக்கலாமே அந்தப் புள்ள. போயும் போயும் சாவறதா?"

"அது சினிமா ஞானம்."

"உனக்கு சினிமா. கழுத்துல தாலி கட்டிக்கினவ நானு. நீ சாவறத டிக்கெட் எடுத்துப் போயி பாக்கணுமா? நான் வர மாட்டேன்."

வராததோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. படம் வெளியாகிற வெள்ளிக்கிழமை அவள் மனசு கேட்கவில்லை. திரையில் ஊரே பார்க்கச் செத்தால், அந்தக் கண்ணேறு சும்மா போகுமா? மாதா கோயிலுக்குப் போய் ஒரு பூசைக்குக் கொடுத்துவிட்டாள். அன்று காலை ஆறு மணிப் பூசையில் உபதேசியார் அன்றைய பூசை யாருக்காக என்று வாசித்தார். "திரு. அருள்பிரகாசம் அவர்களின் நீடித்த ஆயுளுக்காக இன்றைய திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. ஒப்புக்கொடுப்பவர் மனைவி ஞானம்."

பூசைக்கு வந்திருந்த பாதிப் பேர் பதறிவிட்டார்கள். வெளியே வந்ததும் சாலமன் ஓடி வந்தார். அருள்பிரகாசத்தோடு துறைமுகத்தில் ஒரே கிரேனில் மாற்று ஷிப்ட் பார்க்கிறவர், நாக்கு நீளமான மனுஷன். "இன்னா அண்ணி, அருளுக்கு இன்னா ஆச்சு? நேத்துகூட நல்லாத்தானே இருந்தான்?" ஞானம் விஷயத்தைச் சொன்னாள். சாலமன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

அன்றைக்கு முதல் காட்சிக்குத் தெருவே திரண்டுவிட்டது. மொத்த தியேட்டரும் எங்கள் ஆட்கள்தான். பாட்டிகளும் கைக்குழந்தைகளும் கூட. அஜின் கடைசி வரிசையில் சுவரோடு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் வெள்ளத்துரை, கடைக்கு லீவு விட்டு, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். அருள்பிரகாசம் தன் வழக்கமான ஓரத்து சீட்டில் உட்கார்ந்தார்.

அவர் முதலில் திரையில் வந்ததும் விசில் பறந்தது. அது சரி, நடக்கிறதுதான். அவர் பல் தேய்த்தபோது கைதட்டினார்கள். இட்லி சாப்பிட்டபோது யாரோ, "இன்னொண்ணு வெய்யி அண்ணனுக்கு" என்றார்கள். அருள்பிரகாசத்துக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

வெயில். வாசல். காத்திருக்கிற மனுஷன். தியேட்டர் ஒரு நிமிஷம் அடங்கியது. கண் மெல்ல அசந்தது. துண்டு வழுக்கியது. அப்போது இருட்டுக்குள்ளிருந்து சாலமனின் குரல் வந்தது.

"இன்னா மாமு, காலையிலதான ஆயுளுக்குப் பூசை வெச்சாங்க. மத்தியானத்துக்குள்ள போயிட்டியே."

தியேட்டர் வெடித்துவிட்டது. பூசைக்குப் போகாதவர்களுக்குப் போனவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், அவர்களும் சிரித்தார்கள். "எந்திரி அருளு, ஷிப்டுக்கு டைம் ஆச்சு" என்று ஒருவர் கத்தினார். திரையில் மகன் ஓடி வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு படம் முடிகிற வரைக்கும் நிற்கவேயில்லை. அடக்கிவிட்டு அடக்கிவிட்டு மறுபடி சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. அவர்களுக்குத் திரையில் தெரிந்தது படத்தில் வருகிற அப்பா இல்லை. தங்களோடு டீ குடிக்கிற, ஓரத்து சீட்டில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிற அருள்பிரகாசம்தான்.

அருள்பிரகாசம் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். வெள்ளத்துரை மட்டும் நின்றுகொண்டிருந்தார். அஜின் நின்ற இடம் காலியாக இருந்தது.

டீக்கடையில் அன்றைக்கு நிற்க இடமில்லை. அருள்பிரகாசம் வந்தார். வசீம் பாய் டீயை வைத்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். ஓரத்தில், கூட்டத்துக்குப் பின்னால் அஜின் வந்து நின்றதை அவர் பார்த்துவிட்டார். பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள். ஆனால் நாற்பது வருஷமாக இந்த வாயைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அந்தப் பையனே உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

"தேறாது" என்றார். "பையன் மேல குத்தம் இல்ல. செத்தவன் சரியா சாவல. ஒருத்தன் செத்தா நாலு பேரு அழுவணும். சிரிச்சாங்கன்னா அவன் நடிப்பு நாஸ்தி. நான்தான் படத்தக் கெடுத்துட்டேன்."

நேர்மையாகப் பேசிவிட்டதாக அவருக்கு எண்ணம். தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு பையனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தார். ஊர் அவ்வளவு நீளமாகவா கேட்கும்? தண்டையார்ப்பேட்டைக்குப் போகும்போது "தேறாது" மட்டும்தான் போனது. திருவொற்றியூருக்கு "சிரிப்புப் படமாம்" என்று போனது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தியேட்டரில் வேறு படத்தின் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை அஜின் சாத்தாங்காட்டுக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டான். அடுத்த படத்துக்கு எழுதி வைத்திருந்த கதையை லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டான் என்று சாலமன் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

"நான் சும்மா தமாசுக்கு ஒரு வார்த்தை வுட்டேன் அருளு. இவ்ளோ பேஜாராவும்னு தெரியாது."

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த ஞானம் வெளியே வந்தாள். "இன்னா வார்த்தை?" என்று கேட்டாள். சாலமன் தயங்கித் தயங்கிச் சொன்னார். தான் வைத்த பூசையால்தான் தியேட்டர் சிரித்தது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மீன் சட்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள், பொன்னேரியில் இருக்கிற தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி மின்சார ரயிலில் போனாள். சாயந்திரம் திரும்பி வந்தாள். அதற்கப்புறம்தான் வீட்டில் விநோதம் ஆரம்பித்தது.

அந்த வாரம் அருள்பிரகாசத்துக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே ஒரு தூக்கம் போடுவார். அந்தத் தூக்கம் இல்லாமல் அவருக்கு உடம்பு ஓடாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த நேரத்தில் ஞானம் அவரை எழுப்பியதே கிடையாது. இப்போது கண் அசந்தால் போதும், வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னா ஞானம்?"

"ஒண்ணியும் இல்ல. கொழாயில தண்ணி வருது."

அரை மணி கழித்து மறுபடி உலுக்கினாள். "கரண்ட் பில்லு கட்டிட்டியா?" அடுத்து, "இன்னிக்கி இன்னா கெழம?" மூன்றாம் நாள் அவருக்குத் தலை சுற்றியது. கிரேன் மேலே ஏறி உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. அன்றைக்கு அவள் உலுக்கியபோது அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மனுசனத் தூங்க வுடு. இன்னா வந்துச்சு உனக்கு?"

ஞானம் குனிந்தாள். கீழே கிடந்த பச்சைத் துண்டை எடுத்தாள். அதை உதறவும் இல்லை, மடிக்கவும் இல்லை, கையில் சுருட்டிக்கொண்டாள்.

"பொன்னேரில அந்தப் படம் ஓடிச்சி. பாத்துட்டேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை.

"நான் வெச்ச பூசையாலதான் அந்தப் புள்ள படம் கெட்டுதுன்னு சாலமன் சொன்னப்பவே மனசு ஆறல. எத்தக் கெடுத்தோம்னாவது பாக்கணும்ல? தங்கச்சிய இட்டுகினு போனேன். தியேட்டர்ல முப்பது பேரு கூட இருக்க மாட்டாங்க. அங்க யாருக்கும் உன்னத் தெரியாது. ஒருத்தரும் சிரிக்கல" என்றாள். "இனிமே இந்த நாற்காலில குந்தித் தூங்காத. சொல்லிட்டேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். அருள்பிரகாசம் அதே நாற்காலியில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருக்காரர்கள் சிரித்ததை வைத்து அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். தன் கண்ணால் ஒரு காட்சியைக் கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. பக்கத்தில் யார் சிரிக்கிறார்கள் என்றுதான் படம் முழுக்கப் பார்த்தார். இதே தப்பை வேறு எவனாவது செய்திருந்தால் டீக்கடையில் வைத்துத் தோலை உரித்திருப்பார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு சாத்தாங்காட்டுக்கு பஸ் ஏறினார்.

இரும்பு மார்க்கெட்டில் காது கொடுக்க முடியாது. லாரியிலிருந்து கம்பிகளை இறக்குகிற சத்தம். வெள்ளத்துரை கடையில் அஜின் எடை போடுகிற இடத்தில், தலையில் இரும்புத் தூசியோடு நின்றுகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். மரியாதையில் குறை வைக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அஜினு, நான் சொன்னது தப்பு. படம் தேறும்."

சத்தத்தில் அவன் காதில் சரியாக விழவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். கல்லாவில் இருந்த வெள்ளத்துரையும் தலையை நிமிர்த்தினார்.

அஜின் கையிலிருந்த தூசியைத் தட்டினான். "மாமா, நீங்க ஒரு படத்துக்காவது தீர்ப்பை மாத்தி நான் பாத்ததில்ல. இப்ப எனக்காக மாத்தறீங்க. இது விமர்சனம் இல்ல மாமா, பரிதாபம். எல்லாரும் சிரிச்சதை நான் காதால கேட்டேன்."

"பொன்னேரில சிரிக்கலடா."

"யாரு சொன்னா?"

"எங்க வூட்ல."

"அத்தை உங்க மேல பாசத்துல சொல்லுவாங்க" என்றான் அஜின்.

வாழ்க்கை முழுக்க நன்றாக இல்லை என்று சொன்னபோதெல்லாம் ஊர் நம்பியது. இப்போது அருள்பிரகாசம் ஒரு படத்தை மனசாரப் புகழ்கிறார், எடுத்தவனே நம்பவில்லை. வெள்ளத்துரை எழுந்து வந்தார். "விடுங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு இன்னும் ஆசை காட்டாண்டாம். இப்பத்தான் கொஞ்சம் சாப்பிடுதான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பெற்றவனின் பயம்தான் இருந்தது.

"சரி, படத்தப் பத்தி பேசல. வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்டுட்டுப் போவட்டும். அதுக்குமா வேணாம்பீங்க?" என்று கேட்டார் அருள்பிரகாசம். அதற்கு வெள்ளத்துரையால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

வீட்டில் ஞானம் அஜினைப் பார்த்ததும் எழுந்தாள். "வாப்பா" என்றாள். சங்கரா மீன் குழம்பு ஊற்றினாள். பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள். அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தன் பூசையால் அவன் பிழைப்பு கெட்டுவிட்டது என்று அவளுக்கு; அவளும் தன் படத்தைப் பார்த்து முகம் சுளித்திருப்பாள் என்று அவனுக்கு. இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்த அருள்பிரகாசம் அவசர அவசரமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

மூன்று நாள் தூக்கம் பாக்கி. வயிறு நிறைந்த சாப்பாடு. வாசலில் அந்த நாற்காலி. சாமி சத்தியமாக அவர் வேறு எதுவும் திட்டம் போடவில்லை. உட்கார்ந்ததும் கண் தானாகச் சொருகியது. பாதித் தூக்கத்தில் துண்டு தோளிலிருந்து வழுக்குவது தெரிந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளக் கை எழவில்லை. அது மடியில் விழுந்தது, அப்புறம் தரையில் விழுந்தது.

உள்ளே பாத்திரம் ஒன்று டமார் என்று விழுந்தது. கொலுசுச் சத்தம் ஓடி வந்தது.

வந்தவள் இந்தத் தடவை உலுக்கவில்லை. விருந்தாளி முன்னால் உலுக்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ. புளியும் மீனும் மணக்கிற ஒரு கை அவர் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. அருள்பிரகாசத்துக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. ஆனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று பயந்து மூச்சை மட்டும் ஒழுங்காக விட்டார். அந்தக் கை கொஞ்ச நேரம் அந்த மூச்சை வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டது.

"அத்தை" என்று அஜினின் குரல் வாசற்படியில் கேட்டது.

"டேய் அஜினு." ஞானத்தின் குரல். "உனக்கு இன்னாடா பாவம் செஞ்சேன் நானு? ஏண்டா இவர அப்டி குந்த வெச்சி எடுத்த? பொன்னேரில பக்கத்து சீட்டுல ஒரு பொம்பள, யாரு பெத்த புள்ளையோ, என் கையப் புடிச்சிகினு தேம்பித் தேம்பி அழுதா. எனக்கு அழுவ வரல. எந்திரிச்சி ஓடிப் போயி, அந்தத் திரையில, இவரு மூக்குல கை வெச்சிப் பாக்கணும் போல இருந்துச்சிடா. அன்னிலேர்ந்து இவரத் தூங்க வுட முடியல என்னால. நாளைக்கு நெசமாவே ஒரு நாளு வந்துடுமேன்னு கீது. அது வரைக்கும் நான் அத்த நெனச்சதே இல்ல."

அருள்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டே காத்திருந்தார். சுவரோரமாக யாரோ சறுக்கி உட்கார்கிற சத்தம் கேட்டது. அஜின் அழுதுகொண்டிருந்தான். சின்ன வயதில் டீக்கடையில் வாயைப் பிளந்து நின்ற அதே பையன், சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். ஞானம் அவன் தலையிலிருந்த இரும்புத் தூசியை முந்தானையால் தட்டிவிட்டாள்.

"இப்ப ஏண்டா நீ அழுவற? நல்லா எடுத்துத் தொலச்சிருக்க. அதான சொல்றேன்."

அஜின் எழுந்தான். போனை எடுத்து அப்பாவை அழைத்தான். அந்தப் பக்கத்தில் கம்பி இறக்குகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"அப்பா, நாளைக்கு நான் கடைக்கு வரல. கதை எழுதணும். முதல்லேர்ந்து எழுதணும், அழிச்சிட்டேன்." கொஞ்சம் நின்று கேட்டான். "இல்லப்பா, மாமா சொல்லல. அத்தை சொன்னாங்க."

அந்தப் பக்கம் வெள்ளத்துரை என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் அஜின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, ராத்திரி சாப்பிட வந்துடறேன்" என்றான்.

அருள்பிரகாசம் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "தேறும்."

ஞானம் திரும்பினாள். அவர் இவ்வளவு நேரமும் முழித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தோளில் தானே போட்ட துண்டை உருவி அதாலேயே அவர் முதுகில் நாலு போடு போட்டாள். "இன்னொரு தபா இப்டி கண்ண மூடிகினு குந்துன, நானே உன்னக் கொன்னுடுவேன்" என்றாள். அவரை எழுப்பிவிட்டு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

வரப்போகிற வெள்ளிக்கிழமை டீக்கடையில் எல்லார் முன்னாலும் தீர்ப்பை மாற்றிச் சொல்ல வேண்டும். சாலமன் கேலி செய்வார், செய்யட்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அருள்பிரகாசம் உள்ளே போய்ப் பாய் விரித்துப் படுத்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். அதற்கு நடுவிலும் ஞானம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.